கிக்கர் இறங்காத ஆர்எக்ஸ் 100: சிந்துபூந்துறை வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1994-ஆம் வருட யமஹா ஆர்எக்ஸ் 100. டிஎன் 72 நம்பர். திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய சிந்துபூந்துறையில், தாமிரபரணிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டு வண்டி. ஓட்டியவர் பள்ளிக்கூட வாத்தியார். 2012 வாக்கில் முழங்கால் வலி வந்து ஓட்டுவதை நிறுத்தினார். பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்தது அப்படியே நின்றுவிட்டது. மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தவர், அப்பா வண்டியை ஓட வைத்தே ஆக வேண்டும் என்று குட்டியானையில் ஏற்றி, பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

புகார் ஒரே வரிதான். "கிக்கர் இறங்க மாட்டேங்கு, அண்ணாச்சி."

இந்த வண்டியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைத் தெருக்களில் இப்படி நிறைய வண்டிகள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் காப்பாற்றக் கூடியவை. ஆனால் கிக்கர் மேல் ஏறி நின்று, நட்டில் நீளக் குழாயை மாட்டி இழுத்து, பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு அடித்து, துரு தொடாத பாகங்களையும் சேர்த்து உடைத்துவிடுகிறார்கள். இன்ஜின் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது, அதாவது அசையாமல் இறுகியிருக்கிறது, என்று முதலில் கண்டுபிடித்தால் இதில் எதுவுமே தேவைப்படாது.

நின்ற விதம்

நான் முதலில் கேட்டது, ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்ததா, நிறுத்திய இடத்தில் பிடித்ததா என்றுதான். இரண்டும் வேறு வேறு வியாதி. ஓடும்போது பிடிப்பது சூட்டினால் வருவது. ஆயில் போதாமலோ, காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தோ பிஸ்டன் விரிந்து, அதன் அலுமினியம், பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாயான ஸ்லீவின் சுவரில் இழுத்துப் பூசிக்கொள்ளும். ஆறியதும் பெரும்பாலும் விட்டுவிடும். நிறுத்திய இடத்தில் பிடிப்பது துரு. அது தானாக விடாது, நாளாக ஆக இன்னும் இறுகும்.

மகனுக்குத் தெரியவில்லை. வாத்தியாரையே போனில் பிடித்தோம். "நல்லா ஓடின வண்டி தம்பி. நிறுத்தும்போது பெட்ரோலக்கூட வடிச்சுதான் வச்சேன்" என்றார். பெட்ரோலை வடித்தது நல்ல காரியம், டேங்க் உள்ளே பார்த்தபோது அது தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வெள்ளம் வந்த அன்னைக்கு வண்டியத் திண்ணையில ஏத்திப் போடணும்னு பாத்தேன். ஒத்தையில முடியல."

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஊரில் பெய்த மழை ஒரு பக்கம், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்துவிட்ட தண்ணீர் இன்னொரு பக்கம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசும் தண்ணீருக்குள் நின்றன. இந்த வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை வண்டியே காட்டியது. சைடு பாக்ஸில் பாதி உயரத்துக்கு ஒரு வண்டல் கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. அதாவது இன்ஜின் முழுக்க முங்கியிருக்கிறது. வடிந்த பிறகு ஹோஸ் பைப்பால் கழுவி, காயவைத்து, மறுபடி சாக்கு. சில மாதம் கழித்துப் பக்கத்து ஆள் ஒருவர் ஆசையாகக் கிக்கர் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று பார்த்திருக்கிறார்.

ஆக, சந்தேகிக்க வேண்டிய காலம் இரண்டு. வெள்ளத்துக்கு முன்னால் பத்துப் பதினோரு வருடம் சும்மா நின்ற காலம், வெள்ளத்துக்குப் பின்னால் ஈரத்தோடு நின்ற காலம். இந்த வண்டியில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் வழி எப்போதும் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். பிஸ்டன் எந்த உயரத்தில் நின்றது என்பதைப் பொறுத்து, ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்று நேரே ஸ்லீவுக்குள் போகும். வெள்ளத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீரே போனது.

எங்கே பிடித்திருக்கிறது

நியூட்ரலில் வண்டி தாராளமாக உருண்டது. எனவே செயின், பின்சக்கரம், கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் ஆகியவற்றில் பெரிய குறை இல்லை. நாலாம் கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். இதற்கு முதல் கியர் போடுகிறவர்கள் உண்டு, அது தலைகீழ். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றாக மாற்றும் தண்டான கிராங்க் பல சுற்று சுற்ற வேண்டும், சக்கரத்தில் நாம் தரும் பலம் அத்தனை பங்காகக் குறைந்துதான் கிராங்குக்குப் போகும். கடைசி கியரில்தான் அந்தக் குறைவு கம்மி. சக்கரம் செயின் தொய்வு அளவுக்கு ஆடி, சுவரில் முட்டியது போல நின்றது.

கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினால் பிரித்தறியலாமே என்று தோன்றும். இந்த வண்டியில் அது உதவாது. கிக்கர், கிளட்ச் பிளேட்டுகள் உட்காரும் கூடையைப் பிடித்துச் சுற்றுகிறது, கூடை நேரே கிராங்கோடு கோத்திருக்கிறது. கிளட்ச் பிடித்தாலும் விட்டாலும் கிக்கர் கிராங்கைத்தான் தள்ளும். கிக்கர் இறங்கவில்லை என்றால் கிக்கர் பல்சக்கரம், கிளட்ச் கூடை, கிராங்க் பேரிங், கிராங்க் முனையில் கரண்ட் உண்டாக்கும் மேக்னட் சக்கரம், பிஸ்டன் என்று ஐந்து இடத்தில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

இடது கவரைத் திறந்தேன். மேக்னட் உள்ளே வண்டல் கெட்டியாகப் படிந்து காய்ந்திருந்தது. அந்தச் சக்கரத்தின் உட்புறக் காந்தத்துக்கும் உள்ளே இருக்கும் காயில் இரும்புக்கும் நடுவே இருப்பது மிகச் சின்ன இடைவெளி. அதற்குள் ஆற்று வண்டலும் துருவும் போய் இரண்டையும் ஒட்டவைத்திருந்தன. நட்டில் சாக்கெட்டை வைத்துக் கையால் ஆட்டிப் பார்த்தால் இம்மியும் அசைவு இல்லை. இந்த 'இம்மியும் இல்லை' என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன், ஏனென்றால் பிஸ்டன் மட்டும் பிடித்த இன்ஜின் இப்படி இருக்காது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் இரண்டு முனையிலும் பேரிங் இடைவெளி இருக்கிறது. பிஸ்டன் அசையாவிட்டாலும் கிராங்க் மயிரிழை ஆடி 'டக்' என்று ஒரு சத்தம் தரும்.

நட்டைச் சின்ன இம்பாக்ட் கன்னால் கழற்றி, புல்லரை மரையில் முழுக்க ஏற்றி இழுத்து மேக்னட்டை எடுத்தேன். காயில் முழுக்கப் பழுப்பு. பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுச் சுத்தம் செய்து, காந்தத்தில் ஒட்டியிருந்த துருத்தூளைத் துடைத்து மறுபடி மாட்டினேன். இப்போது நட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால், விரல் நுனியில் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன 'டக்'. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

எனக்கு அந்த நிமிடமே பாதி வேலை முடிந்தது. இரண்டு பூட்டில் ஒன்று திறந்துவிட்டது. கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கலாம், ஆனால் இறுகவில்லை. மிச்சம் இருப்பது பிஸ்டன் ஒன்றுதான். இதைப் பார்க்காமல் நட்டில் குழாய் மாட்டி இழுத்திருந்தால் மேக்னட்டையும் பிஸ்டனையும் சேர்த்து இழுத்திருப்போம். இந்த வகை கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு வட்டத்தட்டுகளை ஒரு பின்னில் பிரஸ் போட்டு அழுத்திச் சேர்த்தது. ஒரு முனை இறுகியிருக்க, மறுமுனையில் அளவுக்கு மீறி முறுக்கினால் தட்டுகள் பின்னில் திரும்பிவிடும். அப்புறம் வண்டி ஓடும், ஆனால் நடுக்கம் போகவே போகாது.

அடுத்து பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டேன். ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள், பிஸ்டன் தலையில் கீறும். இந்த இன்ஜினுக்குப் போர், அதாவது ஸ்லீவின் உள்விட்டம், 50 மி.மீ., பிஸ்டன் ஓட்டமும் 50 மி.மீ. ஈர்க்கு பாதியைத் தாண்டி இறங்கியது. சைலன்சரை எடுத்துவிட்டு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வழியில் டார்ச் அடித்தால், ஓட்டையின் மேல் விளிம்பில் ஸ்லீவ் சுவர் கொஞ்சம், அதற்குக் கீழே பிஸ்டன் தலையின் ஓரம். அந்தச் சுவரில் சிவப்பாக ஒரு பட்டை.

பிஸ்டன் நடுவாக்கில் நிற்பதில் ஒரு நன்மை உண்டு. உச்சியிலோ அடியிலோ நின்றால், பிஸ்டன் அசையாமலேயே கிராங்க் கொஞ்சம் திரும்பும், விட்டுவிட்டது என்று ஏமாந்துபோவோம். நடுவில் நின்றால் ஏமாற வழியில்லை.

கியர் ஆயிலை வடித்தேன். முதலில் தெளிந்த தண்ணீர் ஒரு டம்ளர், அப்புறம் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில். வலது கவரையும் திறந்தாக வேண்டும் என்று ஆனது. திறந்ததில் கிக்கர் மேல் ஏறி நின்றதன் பலனும் தெரிந்தது. கிக் ஷாஃப்டின் பல்சக்கரத்தில் இரண்டு பல் முனை உடைந்து அடியில் கிடந்தது. துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊறப் போட்டது

இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கினேன். இந்த இன்ஜினின் கிராங்க் அறைக்கு வடிகால் போல்ட் கிடையாது, உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நிற்கும். கார்புரேட்டரையும் ரீட் வால்வையும் எடுத்துவிட்டு இன்ஜினைக் கவிழ்த்ததும் சேற்று நிறத்தில் தண்ணீர் சொட்டியது. வெள்ளம் வடிந்து அத்தனை காலம் ஆகியும்!

கிராங்க் அறையில் டீசலை ஊற்றி, குலுக்கி, வடித்து, தெளிவாக வரும் வரை கழுவினேன். பிறகு அறை நிரம்பப் புது டீசல். இது பேரிங்குகளையும் பிஸ்டனின் பாவாடையையும், அதாவது கீழ்ப்பக்கச் சுவரையும், அடியிலிருந்து நனைக்கும்.

மேலிருந்து ஊற்றுவதற்கு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை எடுத்தேன். இங்கே ஒரு சிக்கல். பிஸ்டன் தலை எக்ஸாஸ்ட் ஓட்டையின் மேல் விளிம்புக்குக் கீழே நிற்கிறது. எதை ஊற்றினாலும் அந்த வழியாக வெளியே போய்விடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மரக்கட்டையில் சுற்றி எக்ஸாஸ்ட் வாயில் இறுக்கி அடைத்து, இன்ஜினை அந்தப் பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி சாய்த்து வைத்தேன். இப்போது பிஸ்டன் தலையில் குளம் கட்டியது.

ஊற்றியது, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. பவர் ஸ்டீயரிங்குக்குப் போடுகிற அதே சிவப்பு ஆயில்தான், அசிட்டோன் பெயின்ட் கடையில் கிடைக்கும். அசிட்டோன் ஆயிலை இளக்கி இண்டு இடுக்குக்குள் கொண்டுபோகும், பிறகு ஆவியாகிவிடும், ஆயில் அங்கேயே தங்கும். இரண்டும் சரியாகக் கலக்காது, பிரிந்து நிற்கும். ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போகும். கொசுவர்த்திச் சுருள்கூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவு சீக்கிரம் பற்றும்.

டீசல் மட்டும் போதாதா என்றால், பல இன்ஜின்களுக்குப் போதும், நாள் கூடுதலாகும். பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சில நேரம் விடவும் செய்கிறது, ஆனால் பெயின்ட்டைத் தின்றுவிடும், மற்ற எண்ணெயோடு சேராது. குளிர்பானம் ஊற்றினால் துரு கரையும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சீனியும், தண்ணீரால் வந்த வியாதிக்கு மறுபடி தண்ணீரா?

கிரீஸ் கன் யோசனையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் கேட்கிறார்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த இடத்தில் கிரீஸ் நிப்பிளைப் பற்றவைத்து, பிளக் ஓட்டையில் மாட்டிக் கிரீஸை அடிப்பது. அருமையான முறை. 50 மி.மீ. போரின் பரப்பு சுமார் 19.6 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 50 கிலோ அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் தலையில் கிட்டத்தட்ட ஒரு டன் பலம், அதுவும் ஒரே சீராக, அடியோ அதிர்வோ இல்லாமல். கை கன்னிலேயே அந்த அழுத்தம் எளிதாக வரும். காற்று அமுங்கும், கிரீஸ் அமுங்காது என்பதால் திடீரென்று விட்டாலும் வெடித்துச் சிதறாது. கம்ப்ரஷர் காற்றை வைத்து இதைச் செய்யவே கூடாது. ஆனால் கிரீஸ் முறைக்குப் பிஸ்டனுக்கு மேலே உள்ள அறை முழுக்க மூடியிருக்க வேண்டும். புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடிய நிலையில் இருக்க வேண்டும், டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டைக்கு மேலே நிற்க வேண்டும். நம் வண்டியில் பிஸ்டன் ஓட்டையைத் திறந்துகொண்டு நின்றது. கிரீஸ் அடித்தால் அத்தனையும் எக்ஸாஸ்ட் வழி வெளியே வரும், கட்டையால் அடைத்தாலும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது. அதனால் விட்டுவிட்டேன்.

நமக்கு வேறொரு உதவி இருந்தது, கத்திரி வெயில். பகலில் இன்ஜினைத் தகரக் கூரை ஓரம் வெயிலில் வைத்தேன், பொழுது சாயும் நேரத்தில் ஆயில் கலவையை ஊற்றி நிழலில் ஆறவிட்டேன். இதில் கணக்கு இருக்கிறது. பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் வார்ப்பிரும்பு. சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மொத்தமும் சூடேறும்போது பிஸ்டன் அதிகம் விரிந்து நடுவில் இருக்கும் துருவை நெரிக்கும். ஆறும்போது பிஸ்டனே அதிகம் சுருங்கி இடம் விடும். நொறுங்கிய துருவுக்கு நடுவே எண்ணெய் இறங்குவது அந்த நேரத்தில்தான். அதனால்தான் ஆறும் நேரத்தில் ஊற்றுவது. மூடிய கடையின் ஏசி அறையில் வைத்து எத்தனை நாள் ஊறினாலும் இந்த ஏற்ற இறக்கம் கிடைக்காது.

முதல் சில நாள் குளம் அப்படியே நின்றது, அசிட்டோன் ஆவியான அளவுக்குத்தான் குறைந்தது. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் ஆயில் மட்டம் தெளிவாக இறங்கியிருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது என்று அர்த்தம். தொடர்ந்து நிரப்பிக்கொண்டே வந்தேன்.

விட்டது

ஆயில் இறங்கத் தொடங்கியதும் உடனே திருக ஆசை வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிஸ்டன் போகப்போகிற பாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிஸ்டனுக்கு மேலே ஸ்லீவ் சுவரில் துரு அப்படியே இருக்க, பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் அந்தத் துருவில் ஏறி மறுபடி பிடிக்கும், அல்லது ரிங் முறிந்து எக்ஸாஸ்ட் ஓட்டைக்குள் மாட்டும். மண்ணெண்ணெயில் நனைத்த நைஸ் எமரித்தாளால் சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, தூள் பிஸ்டன் ஓரத்தில் இறங்காமல் துணியால் ஒற்றி எடுத்தேன். கீழ்ப்பக்கத்தை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் பிஸ்டனை மேலே ஏற்றுவது என்று முடிவு.

அன்றைக்கு அசிட்டோன் கிடையாது, வெறும் ஆயில்தான். அசிட்டோன் டப்பாவைப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஹீட் கன்னால் போரின், அதாவது சிலிண்டரின், வெளிச் சிறகுகளைச் சுற்றிலும் சூடாக்கினேன். பிஸ்டன் தலையில் ஒரு பாலித்தீன் பையில் ஐஸ் கட்டி. வெயிலில் வைத்ததற்கு இது நேர் எதிர்: வெளியே ஸ்லீவ் விரிய வேண்டும், உள்ளே பிஸ்டன் சுருங்கியே இருக்க வேண்டும். ஸ்லீவ் மட்டும் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் 50 மி.மீ. போர் 0.03 மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த இன்ஜினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இருக்கிற மொத்த இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான்.

எந்த நட்டைப் பிடித்துத் திருகுவது என்பதும் முக்கியம். இந்த வண்டியின் கிராங்க் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. இடது பக்க மேக்னட் நட்டை ஓடும் திசையில் திருகினால் நட்டு கழலும். வலது பக்கம் கிராங்க் முனையில் இருக்கும் பிரைமரி கியர் நட்டை ஓடும் திசையில் திருகினால் இறுகும். ஓடும் திசைக்கு வலது நட்டு, எதிர்த் திசைக்கு இடது நட்டு என்று மாற்றி மாற்றிப் பிடித்தேன். ஒரு அடி கைப்பிடி, ஒரு கை பலம், அதற்கு மேல் இல்லை.

மேக்னட் ஓரத்திலும் கேஸிலும் சேர்த்து ஒரு நேர்க்கோடு கீறி வைத்திருந்தேன். கை சொல்வதை முழுக்க நம்ப முடியாது, கோடு பொய் சொல்லாது. இந்தப் பக்கம் அழுத்திப் பிடித்து, விட்டு, அந்தப் பக்கம் அழுத்திப் பிடித்து. பழைய 'டக்', 'டக்'. அப்புறம் ஒரு தடவை 'டக்' கேட்ட பிறகும் கைப்பிடி நிற்காமல், காய்ந்த கதவுக் கீல் போல 'கிர்ர்' என்று முனகிக்கொண்டு ஒரு நூல் போனது. குனிந்து பார்த்தேன். மேக்னட்டில் இருந்த கோடும் கேஸில் இருந்த கோடும் இப்போது நேராக இல்லை. பிஸ்டன் ஓரத்தில் சிவப்பு ஆயிலில் கறுப்பாக ஒரு வளையம் கசிந்து வந்தது, அது நொறுங்கிய துரு.

இந்த இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். விட்டுவிட்டது என்று ஒரே மூச்சில் சுற்றிவிடக் கூடாது. போன வழியே திரும்ப வந்து, ஆயில் விட்டு, கறுப்பைத் துடைத்து, முன்னைவிட ஒரு நூல் கூடுதலாக. இப்படியே ஆட்டி ஆட்டி, பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டையைத் தாண்டி மேலே வந்து உச்சிக்குச் சேர அந்தச் சாயங்காலம் முழுக்க ஆனது. வாத்தியார் மகன், அந்தத் தம்பி, பக்கத்திலேயே நின்று வீடியோ கால் போட்டு அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் ஒன்றும் பேசவில்லை, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே கண்டது

போரைத் தூக்கியதும் கதை முழுக்கச் சுவரில் எழுதியிருந்தது. இரண்டு ரிங்கும் நின்ற இடத்தில் இரண்டு கறுத்த வளையம், நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்குப் பள்ளம். அவற்றுக்கு மேலே எக்ஸாஸ்ட் ஓட்டையைச் சுற்றி, எமரி தேய்த்தும் போகாத செந்துருக் கறை. பிஸ்டன் பாவாடையில் வெள்ளைப் பொடி, அது அலுமினியம் ஈரத்தில் அரித்தது. நீளவாக்கில் இழுத்த கீறல் எங்குமே இல்லை, அலுமினியம் பூசிய பளபளப்பும் இல்லை. ஆகவே சூட்டில் பிடித்ததல்ல. வாத்தியார் சொன்னது சரிதான், நன்றாக ஓடிய நிலையில் நிறுத்திய வண்டி.

பள்ளம் ரிங் நின்ற இடத்தில் மட்டும் ஆழமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் புகுந்தால் காய வழியில்லை. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் குறைந்தது இரண்டு மடங்காகும். விரிய இடமில்லாத இடத்தில் விரிகிற துரு, ரிங்கைச் சுவரோடு ஆப்பு அடித்துவிடுகிறது. இந்த வண்டியை இறுக்கிப் பிடித்திருந்தது பிஸ்டனே அல்ல, இரண்டு மெல்லிய ரிங்.

கிராங்க் பேரிங் இரண்டும் சுற்றின, ஆனால் மணல் அரைக்கிற சத்தத்தோடு. ராடின் பெரிய முனையிலும் வண்டல். டீசலில் கழுவி அப்படியே போடலாமா என்று தம்பி கேட்டார். துருப் புள்ளி விழுந்த பேரிங் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு பொடியாகி அந்தப் பொடியைப் புதுப் போருக்குள்ளேயே அனுப்பும். போடக் கூடாது என்றேன்.

கட்டியது

போரும் கிராங்கும் மேலப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குப் போயின. லேத்காரர் பாய் அளந்து பார்த்துவிட்டு, 0.25 மி.மீ. பெரிதாக்கும் ஓவர்சைஸுக்குப் பள்ளம் போகாது, 0.50-தான் என்றார். ஆக 50.50 மி.மீ. பிஸ்டன். சுவரை லேசாக உரசும் ஹோனிங் மட்டும் போட்டுப் பழைய பிஸ்டனையே மாட்டலாம் என்று செலவைக் குறைக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால் ரிங் அதில் ஒவ்வொரு தடவையும் இடறும், கம்ப்ரஷன் நிற்காது. கிராங்குக்குப் புது ராடு கிட் போட்டு, பிரஸ்ஸில் சேர்த்து, டயல் கேஜ் வைத்து ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் வரும் வரை பாய் விடவில்லை. அவர் பொறுமைக்குத்தான் நான் அவ்வளவு தூரம் போவது.

பேரிங் இரண்டும் புதிது, ஆயில் சீல் இரண்டும் புதிது. சீல் விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. இடது சீல் கசிந்தால் வெளிக்காற்று கிராங்க் அறைக்குள் போய், கலவையில் பெட்ரோல் குறைந்து, புதுப் பிஸ்டன் சூட்டில் பிடிக்கும். வலது சீல் கசிந்தால் கியர் ஆயிலை இன்ஜின் குடித்துவிட்டு வெள்ளைப் புகையாக விடும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனையும் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஊசிக்கு இருபுறமும் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரிங் திரும்பி அதன் முனை ஓட்டையில் மாட்டிவிடும். பிஸ்டன் பின்னின் சர்க்கிளிப் கழற்றினால் புதிதுதான்.

கிக் பல்சக்கரம், கிளட்ச் பிளேட், மேக்னட்டில் ஒரு காயில், கார்புரேட்டர் ரிப்பேர் கிட். டேங்க் உள்ளே லேசான துருதான், வாத்தியார் வடித்து வைத்த புண்ணியம். பெட்ரோல் டியூப் எல்லாம் மாற்றினேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வருகிறது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, நிற்கிற வண்டியில் எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

டூ ஸ்ட்ரோக்குக்கான டூட்டி ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும் ஆயில் பம்ப் பற்றி ஒரு வார்த்தை. பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டுங்கள் என்று சொல்கிறவர்கள் அதிகம். நான் பம்பைக் கழுவி, காற்றை வெளியேற்றி, ஆயில் சொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே பம்பை மாட்டினேன். ஆனால் முதல் டேங்குக்கு மட்டும், பம்ப் வேலை செய்தாலும், லிட்டருக்கு 20 மி.லி. டூட்டி ஆயில் பெட்ரோலிலும் கலந்தேன். இத்தனை வருடம் நின்ற பம்பை நம்பிப் புதுப் போரை ஒப்படைக்க மனம் வரவில்லை.

கிக்கர் அழுத்த வாத்தியாரையே கூப்பிட்டு வந்தார் மகன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையை கிக்கரில் வைத்து ஒரு தடவை மெதுவாக இறக்கிப் பார்த்தார், கம்ப்ரஷன் தட்டியது. "இறங்குதுலே" என்று மகனிடம் சொன்னார். மகன் உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

பிளக் காபிப் பழுப்பில் எரிகிறது. முதல் 500 கி.மீ. வரை 50-க்கு மேல் போகக் கூடாது, ஒரே வேகத்திலும் போகக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், பிறகு ஹெட் நட்டை ஆறிய நிலையில் ஒரு முறை இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஆர்சி 15 வருடத்தோடு முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும், அதற்குள் இண்டிகேட்டரும் ஹார்னும் சரியாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பேரிங் ஒன்றில் தண்ணீர் வேலை காட்டியிருக்கிறது போல, இரண்டாம் கியரில் சன்னமாக ஓர் இரைச்சல் கேட்கிறது. இப்போதைக்கு ஆபத்தில்லை. கியர் ஆயிலை இரண்டு முறை சீக்கிரமாக மாற்றிப் பார்ப்போம், இரைச்சல் கூடினால் அடுத்த லீவில் வரும்போது பிரிக்கலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.